கார்புரேட்டரைக் கழற்றிய கதையும் மாட்டிய கதையும்

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதிதாக வந்த மாருதி கார்களின் பின்பக்கம் எம்.பி.எஃப்.ஐ. என்று நான்கு எழுத்து ஒட்டியிருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வாங்கியவர், அந்த எழுத்து தெருவுக்குத் தெரிகிற மாதிரிதான் வண்டியை நிறுத்துவார். அர்த்தம் கேட்டால், "கார்புரேட்டர் கிடையாது சார், கம்ப்யூட்டரே பெட்ரோல் ஊத்தும்" என்பார். அவருக்கும் அவ்வளவுதான் தெரியும், கேட்ட நமக்கும் அது போதும்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இந்தக் கேள்வி எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் வந்தது. நான் மெக்கானிக் இல்லை. பதிவேடும் பட்டியலும் எழுதியே வேலைக்காலத்தைக் கழித்தவன். ஆனால் 2011-இல் மூன்று வாரம், பாரீசுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில், பழைய பெழோ 504 காரின் முன்சீட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, ஒரு இஞ்சினுக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுக்கிற வேலையைச் செய்தேன். வண்டி என் பெரியப்பா மகனுடையது. அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

கார்புரேட்டர் ஒரு கெட்டிக்காரச் சாமான். காற்று குறுகலான தொண்டை வழியாகப் போகும்போது வேகமெடுக்கும். வேகமெடுத்த இடத்தில் அழுத்தம் குறையும். குறைந்த இடத்துக்குப் பெட்ரோல் தானாக உறிஞ்சப்பட்டு மேலே வரும். மின்சாரம் வேண்டாம், கணக்கு வேண்டாம். ஆனால் பெட்ரோல் முழுதாக எரிய, ஒரு பங்குக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். குளிரில் கிளம்பும்போதும், மேட்டில் ஏறும்போதும், சட்டென்று மிதிக்கும்போதும் இந்த விகிதத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். அதனால் கார்புரேட்டருக்குள் சோக், ஐட்லிங் ஜெட், பம்ப் என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போனார்கள். எல்லாம் சேர்ந்தாலும் அது உத்தேசக் கணக்குதான். மீதியை மெக்கானிக்கின் காது சரிசெய்யும்.

இதை மின்சாரத்தால் செய்யலாம் என்று விற்பனை வரைக்கும் கொண்டுவந்தது அமெரிக்காவின் பெண்டிக்ஸ் கம்பெனி. அதன் பெயர் எலெக்ட்ரோஜெக்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் மின்காந்தத்தால் திறந்து மூடும் சிறிய குழல், அதுதான் இன்ஜெக்டர். எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை டிரான்சிஸ்டர் வைத்த ஒரு பெட்டி தீர்மானிக்கும். 1957-இல் ராம்ப்ளர் ரெபல் காரில் வருவதாக அறிவித்தார்கள். குளிரில் கிளம்புவதற்கே தகராறு செய்ததால் அது கடைக்கு வரவில்லை. 1958-இல் கிரைஸ்லர் 300டி, டிசோட்டோ அட்வென்ச்சரர், டாட்ஜ், பிளிமத் என்று ஒரே குடும்பத்துக் கார்களில் போட்டார்கள். எல்லாம் சேர்த்து 35 வண்டி அளவுதான் இருக்கும்.

யோசனையில் பிழை இல்லை, பெட்டிக்குள் இருந்த சாமான்தான் காலை வாரியது. மெழுகு தோய்த்த காகிதத்தில் செய்த கெபாசிட்டர்கள் இஞ்சின் அறைச் சூட்டையும் அதிர்வையும் தாங்கவில்லை. பிற்காலத்தில் ஒரு டிசோட்டோவைப் புதுப்பித்தவர்கள் அந்தப் பெட்டியில் நல்ல கெபாசிட்டர்களைப் போட்டபோது அது ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் 1958-இல் அந்த நல்ல சாமான் இல்லை. ஏறக்குறைய எல்லா வண்டிகளையும் திரும்ப அழைத்து, எலெக்ட்ரோஜெக்டரைக் கழற்றி, இரட்டை கார்புரேட்டர் மாட்டி அனுப்பினார்கள். வாங்கியவர்கள் நிம்மதியாகத்தான் இருந்திருப்பார்கள்.

பெண்டிக்ஸின் காப்புரிமைகள் ஜெர்மனியின் பாஷ் கம்பெனியிடம் போயின. 1967-இல் வோக்ஸ்வாகன் 1600-இல் டி-ஜெட்ரானிக் என்ற பெயரில் அந்த யோசனை மறுபடி எழுந்தது. டி என்பது ஜெர்மன் மொழியில் அழுத்தம் என்ற சொல்லின் முதல் எழுத்து. இஞ்சின் உறிஞ்சும் குழாயில், அதாவது மேனிஃபோல்டில், காற்றின் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தீர்மானிக்கும் முறை அது. கலிபோர்னியாவில் புகைச் சட்டம் இறுகிக்கொண்டிருந்த நேரம். கார்புரேட்டரின் உத்தேசக் கணக்கு அங்கே இனிச் செல்லாது என்ற நிலை.

1969 இலையுதிர் காலத்தில் சித்ரோயன் டிஎஸ் 21 காரிலும் அது வந்தது. பிரான்சில் தயாரான கார்களில் எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷனோடு வந்த முதல் கார் அதுதான். பிரெஞ்சுப் பத்திரிகைகள் பழசாகி எங்கள் ஊர் வாசகசாலைக்கு வரும். அதில் இந்தக் காரைப் பார்த்தது நினைவிருக்கிறது. 139 குதிரைத்திறன் என்று போட்டிருந்தது. வண்டியின் பின்பக்கம் 'இன்ஜெக்ஸியோன் எலெக்த்ரோனிக்' என்று எழுத்து. மாருதிக்காரர்களைக் கேலி செய்வது சுலபம். பிரெஞ்சுக்காரரும் முப்பது வருடம் முன்னால் அதையேதான் செய்திருக்கிறார்.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு பெட்ரோல் என்ற கணக்கு மின்சுற்றுக்குள்ளேயே உறைந்துபோயிருந்தது. தொழிற்சாலைக்காரர்கள் இஞ்சினைச் சோதனைமேடையில் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்து அதைத் தீர்மானித்தார்கள். வண்டிக்காரர் கையில் ஐட்லிங்குக்கு ஒரு சின்னத் திருகு. அவ்வளவுதான். கார்புரேட்டரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டுகிற மெக்கானிக்கெல்லாம் இந்தப் பெட்டியைக் கண்டால் இரண்டு அடி தள்ளி நின்றார்கள்.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1970-களின் நடுவில் காடிலாக் செவில் காரில் பெண்டிக்ஸே திரும்பி வந்தது. 1976-இல் வோல்வோ கார்களில் பாஷின் லாம்டா சென்சார் வந்தது. சைலன்சர் குழாயில் சொருகிய சிர்கோனியா பீங்கான் துண்டு, எரிந்த புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துச் சொல்லும். அதற்குப் பிறகு மைக்ரோபிராசஸர் வந்து, உறைந்த மின்சுற்றின் இடத்தில் மாற்றி எழுதக்கூடிய எண்கள் வந்தன. எண்களை மாற்றலாம் என்று ஆனதும், கார் கம்பெனி சாராத ஆட்கள் தனியாகப் பெட்டி செய்து விற்க ஆரம்பித்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஹால்டெக் 1986-இல் தொடங்கியது. விலை பந்தயக்காரர்களுக்கு உரியது.

2001 வாக்கில் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் மெகாஸ்குவர்ட் என்று ஒன்றை வெளியிட்டார்கள். மோட்டரோலாவின் சாதாரணச் சில்லு ஒன்று, கையால் பற்றவைக்கக்கூடிய பாகங்கள், வரைபடம், விளக்கம் எல்லாம் பொதுவில். பாகங்களை வாங்கி வீட்டு மேசையிலேயே பற்றவைத்துக்கொள்ளலாம். 1958-இல் இன்ஜெக்ஷனைக் கழற்றி கார்புரேட்டர் மாட்டினார்கள் அல்லவா? இப்போது உலகமெங்கும் ஆட்கள் கார்புரேட்டரைக் கழற்றி இன்ஜெக்ஷன் மாட்ட ஆரம்பித்தார்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

அப்படி மாட்டியவர்களில் ஒருவர்தான் என் அண்ணன். 1962-க்குப் பிறகு வந்த ஒப்சியோன் சமயத்தில் பெரியப்பா பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்டார், அப்பா எடுக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு நாடு. அண்ணன் சொல்தாவாகப் போய், ராணுவ வண்டிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றார். எனக்கு நான்கு வயது மூத்தவர். அவர் கார்புரேட்டர் ட்யூன் செய்வதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஸ்க்ரூடிரைவரைத் திருகிக்கொண்டே தலையைச் சாய்த்துக் கேட்பார். ஒரு கட்டத்தில் "ம்" என்பார். அதற்குமேல் யாரும் அந்த வண்டியைத் தொடக்கூடாது.

பட்டறையில் டீசல் இஞ்சின்களின் நடுவே கழித்த வருடங்கள் அந்தக் காதை வாங்கிக்கொண்டன. ஓய்வுபெற்றபோது வலது காது போய்விட்டது, இடது காதில் பாதி. வீட்டில் நின்ற 504-இன் கார்புரேட்டரை ஒரு வெயில்காலம் முழுவதும் திருகித் திருகிப் பார்த்திருக்கிறார். எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: "இஞ்சின் என்ன சொல்லுதுன்னு எனக்குக் கேக்க மாட்டேங்குதுடா தம்பி." புகை விகிதத்தை எண்ணாகவே காட்டும் மீட்டர் இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டார். கேட்கத் தேவையில்லை, பார்த்தால் போதும்.

நான் போனபோது வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. மேனிஃபோல்டில் நான்கு இன்ஜெக்டர் உட்காரப் பட்டறையில் வெல்டிங் செய்து வாங்கியிருந்தார். பெட்டியைத் தானே பற்றவைத்திருந்தார். விளக்கம் முழுவதும் ஆங்கிலம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அலுவலகம் கற்றுக்கொடுத்த ஆங்கிலம் உண்டு. ஆங்கிலத்தில் படித்து, பிரெஞ்சில் பெயர் சொல்லி, தமிழில் சண்டை போட்டோம்.

முதல் நாள் சாவியைத் திருப்பியதும் பின்பக்கம் சீறல். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் மெதுவாகப் போனால் போதும். இன்ஜெக்டருக்கு 3 பார் அழுத்தம் வேண்டும், நம் கார் டயரில் இருப்பதைவிட அதிகம். பம்புக்கு அடுத்து ஒரு சாண் பழைய ரப்பர் குழாயை அண்ணன் மாற்றாமல் விட்டிருந்தார். அது உப்பி வெடித்துக் கொட்டகைச் சுவர் முழுவதும் பெட்ரோல். இஞ்சின் சுற்றாவிட்டால் இரண்டு விநாடியில் பம்பை நிறுத்திவிட வேண்டும் என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லியிருந்ததால் பிழைத்தோம். அன்று முழுவதும் அண்ணி எங்களோடு பேசவில்லை.

பிறகு கணக்கு. என் வேலை இங்கேதான் ஆரம்பித்தது. 504-இன் கொள்ளளவு 1971 சிசி, ஆக ஒரு சிலிண்டருக்கு 493. அது முழுதாக நிரம்பினால் உள்ளே போகும் காற்று 0.59 கிராம். அதை 14.7-ஆல் வகுத்தால் பெட்ரோல் 0.04 கிராம். எங்கள் இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 250 சிசி விடும். ஆகவே ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால், அதில் 13 பங்கு நேரம் திறந்தால் போதும். இதுதான் அடிப்படை எண்.

ஆனால் எந்த இஞ்சினும் எப்போதும் முழுதாக நிரம்பாது. ஐட்லிங்கில் மேனிஃபோல்டு அழுத்தம் வெளிக்காற்றில் நாற்பது சதவீதம்தான். அதிலும் சிலிண்டர் பாதிதான் நிரம்பும். 13-ஐ 0.4-ஆலும் 0.45-ஆலும் பெருக்கினால் 2.3. இன்ஜெக்டர் திறப்பதற்கே பிடிக்கும் நேரம் ஏறக்குறைய 1 சேர்த்து, 3.3. எத்தனை நிரம்பும் என்ற இந்த சதவீதம் ஒவ்வொரு வேகத்துக்கும், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் வேறு. பெட்டிக்குள் அதற்கென்று ஒரு பட்டியல், குறுக்கே எட்டு வேகம், நெடுக்கே எட்டு அழுத்தம், மொத்தம் 64 கட்டம். தொழிற்சாலைக்காரர் சோதனைமேடையில் நிரப்புவதை நாங்கள் ரோட்டில் நிரப்ப வேண்டும்.

முதலில் எல்லாக் கட்டத்திலும் கொஞ்சம் தாராளமாகவே போட்டோம். பெட்ரோல் அதிகமானால் கரும்புகை வரும், பிளக்கில் கரி படியும். குறைந்தால், பாரம் இழுக்கும்போது பிஸ்டனே உருகிவிடும். அதனால் தாராளத்திலிருந்துதான் இறங்க வேண்டும்.

இஞ்சின் பற்றிக்கொண்டது. நின்ற இடத்தில் 800 சுற்று சுற்றிக்கொண்டிருந்த இஞ்சினுக்கு மடிக்கணினி 6000 காட்டியது. சுற்று எண்ணும் ஒயரை நான்தான் பிளக் ஒயர்களின் பக்கத்திலேயே அழகாகக் கட்டிவைத்திருந்தேன். தள்ளிக் கட்டியதும் சரியாகிவிட்டது.

பிறகு தினமும் ரோடு. கோதுமை வயல்களுக்கு நடுவே ஆளில்லாத நேர்ப்பாதை. அண்ணன் ஓட்டுவார். "2000, அறுபது" என்பார். அந்தக் கட்டத்தில் வண்டியை நிறுத்திப் பிடிப்பார். நான் மீட்டரைப் பார்த்துத் தாளில் எழுதுவேன். சீரான ஓட்டத்தில் 14.7, முழுதாக மிதித்தால் 12.8, இவை எங்கள் இலக்கு. மீட்டர் 13.2 காட்டினால், எண்ணை அந்த விகிதத்தில் குறைக்க வேண்டும். சாயங்காலம் தாளைப் பார்த்து மடிக்கணினியில் ஏற்றுவேன். மதிப்பீட்டுப் பட்டியல் திருத்துகிற வேலைதான். எனக்குப் பிடித்திருந்தது.

குளிர்ந்த இஞ்சினுக்கான எண்கள்தான் பொறுமையைச் சோதித்தன. இஞ்சின் ஒருமுறை சூடேறினால் மறுபடி ஆற ஒரு ராத்திரி வேண்டும். ஆக ஒரு நாளைக்கு ஒரு முயற்சி. காலையில் காபிக்கு முன்னால் சாவி, இரண்டு நிமிடம் கவனிப்பு, ஒரு எண் மாற்றம், அப்புறம் மறுநாள். எனக்கு இருந்தது இருபத்தொரு காலை. இதில் மூன்றை மழையும் அண்ணியின் உறவினர் வீட்டு விசேஷமும் எடுத்துக்கொண்டன.

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம். ஒரு மேட்டில் அண்ணன் நன்றாக மிதித்து ஏற்றிக்கொண்டிருந்தார். நான் மீட்டரைப் பார்க்காமல் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் குப்பியில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். கதவில் ஏதோ ஆடுகிறது என்று நினைத்தேன். சும்மா பேச்சுக்குச் சொன்னேன்: "அண்ணே, கோலி உருள்ற மாதிரி சத்தம் வருது, உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் முகம் மாறியது. காலை எடுத்து, ஓரம் கட்டி, இஞ்சினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எவ்வளவு நேரமா?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சத்தம்தான் தட்டல். பெட்ரோல் போதாமல் சிலிண்டருக்குள் சூடு மிஞ்சி, கலவை தன் பாட்டுக்கு வெடிப்பது. ஐம்பது வருடம் முன்னால் பக்கத்துத் தெருவிலிருந்தே அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்திருக்கக்கூடியவர், அதற்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

இஞ்சின் ஆறும்வரை ரோட்டோரம் உட்கார்ந்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். பீங்கான் வெளுத்திருந்தது. பிஸ்டன் உருகியிருந்தால் அலுமினியம் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும், அது இல்லை. நான் மடிக்கணினியைத் திறந்து தாளோடு ஒப்பிட்டேன். 3000 சுற்று, 90 அழுத்தம், அந்தக் கட்டத்தில் தாளில் 86. மடிக்கணினியில் 68. வித்தியாசம் 18.

கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. கூட்டல் இடிக்கும்போது வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்பது நாங்கள் முதல் வருடத்திலேயே கற்கிற பாடம். எத்தனையோ பேருடைய பட்டியலில் நான் கண்டுபிடித்துச் சிவப்பு மை போட்ட தவறு அது. அங்கே கூட்டல் இடித்ததோடு போயிற்று. இங்கே கலவை 16-க்குமேல் போயிருந்தது.

அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "நல்லவேளை, உனக்குக் கேட்டுதே" என்றார். அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. நான் ஏற்றிய எண்களை அவர் உரக்கப் படிப்பார், நான் தாளில் டிக் போடுவேன். மேட்டில் ஏறும்போது மீட்டரைப் பார்ப்பது அவர் பொறுப்பு, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்பது என் பொறுப்பு. மூன்று நாளில் எனக்கும் அந்தச் சத்தம் ஆரம்பிக்கும் முன்பே இஞ்சினின் குரல் கொஞ்சம் இறுகுவது பிடிபட்டது. அதைச் சொன்னபோது அவர் தலையைச் சாய்த்து, "ம்" என்றார்.

கடைசிக் காலை, நான் விமானத்துக்குக் கிளம்பும் நாள், குளிரில் நின்ற 504 முதல் திருப்பிலேயே பற்றிக்கொண்டு சீராக நின்றது. அண்ணன் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

அவர் இப்போது இல்லை. வண்டி அவர் மகனிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுகிறானாம். அந்த 64 கட்டத் தாளின் நகல் ஒன்று என் கோப்பில் இருக்கிறது. 86-ஐ அண்ணன் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறார். அதிக வேகமும் குறைந்த அழுத்தமும் சேருகிற மூலையில் ஏழெட்டுக் கட்டங்களுக்கு அந்த வண்டி எங்கள் கையில் ஒருநாளும் போகவில்லை. அவற்றில் நாங்கள் பென்சிலில் போட்ட உத்தேச எண்கள் அப்படியே இருக்கின்றன.